வண்டியும் ஊரும் ஒரே தாளில்

(சென்னை எழும்பூரில், களத்தில் அமர்ந்து படம் வரைவோர் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மசூலா படகைக் கண்ணால் பார்த்தவர் இந்த அரங்கில் யாரும் இருக்க முடியாது. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்னால், கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நின்ற காலத்தில், ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த படகு அது. அதன் பலகைகளில் ஆணி கிடையாது. தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியிருப்பார்கள். நம் கரையில் அலை மடிந்து விழும் வேகத்துக்கு, ஆணி அடித்து இறுக்கிய படகு மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்துகொடுக்கும். அலையின் குணத்தை அறிந்து செய்த படகு என்று அதைச் சொல்லலாம்.

துறைமுகம் வந்தது, படகுக்கு வேலையில்லாமல் போனது. ஆனாலும் அது எப்படி இருந்தது என்று நமக்கு நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் கடற்கரைக்கு வந்தவர்கள் வரைந்துவைத்த படங்கள் இருக்கின்றன. அந்தப் படங்களில் படகு தனியாக இருக்காது. பின்னால் கோட்டை தெரியும், முன்னால் நுரை, துடுப்பு போடுகிறவர்கள், நனைந்த துணியோடு கரையில் இறங்கும் பயணிகள். இவை எல்லாம் இருப்பதால்தான் படகு ஏன் அந்த வடிவத்தில் இருந்தது என்பது புரிகிறது. படகை மட்டும் கத்தரித்து எடுத்து வைத்தால் அது வெறும் மரக்கூடு.

இன்றைக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். பழைய வண்டிகளை வரையப் போகிறோம், நல்லது. வண்டியை மட்டும் வரைந்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். அது ஓடிய தரை, நின்ற இடம், ஓட்டிய மனிதர், அதைச் சுற்றி இருந்த ஊர், இவற்றோடு சேர்த்து வரையுங்கள். அப்படி வரைவது ஒருவருக்குக் கடினம். ஒரு மணி நேரத்தில் ஒரு கைக்கு எஞ்சினும் ஊரும் சேர்ந்து கிட்டாது. கூட்டமாகப் போனால் கிட்டும். அதனால்தான் இந்தக் கூட்டுப் பயணங்களை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கூட்டமாகப் போய் வரையும் இந்த வழக்கம் உலகெங்கும் பரவியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிக்ஸார் நிறுவனத்தில் கதை ஓவியராக இருந்த என்ரிகோ கசரோசா, நாள் முழுக்க ஊர் சுற்றிக்கொண்டே வரைவது என்ற பழக்கத்தை 2004இல் 'ஸ்கெட்ச் கிரால்' என்ற பெயரில் தொடங்கினார். ஒரே நாளில் பல ஊர்க்காரர்கள் தத்தம் தெருக்களில் இறங்கி வரைந்தார்கள். 2007இல் சியாட்டில் நகரத்துப் பத்திரிகை ஓவியர் காப்ரியேல் காம்பனாரியோ, வசிக்கும் ஊரைக் களத்திலேயே வரைகிறவர்களை இணையத்தில் ஒன்றுசேர்த்தார். அதுதான் 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்'. 2010இல் போர்ட்லண்டில் அவர்களுடைய முதல் உலக மாநாடு நடந்தது, 2015ஆம் ஆண்டு மாநாடு சிங்கப்பூரில். அவர்கள் ஒரு கொள்கை அறிக்கை வைத்திருக்கிறார்கள். நேரில் பார்த்து வரைய வேண்டும், கண்டதற்கு உண்மையாக இருக்க வேண்டும், ஒருவருக்கொருவர் துணையாக நின்று சேர்ந்து வரைய வேண்டும் என்பவை அதில் அடக்கம். மற்றவற்றைவிட இந்த மூன்றும் எனக்கு முக்கியம்.

களத்தில் உட்கார்ந்து வரைவது வெளியிலிருந்து நமக்கு வந்த பழக்கம் என்று யாராவது சொன்னால் ஓவியர் சில்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வந்த காலத்தில், அவர் கோயிலுக்குள் சிலைக்கு எதிரேயே உட்கார்ந்து வரைந்தவர். கல்லில் உளி எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது அவருடைய கோட்டில் தெரியும். மதுரையில் வளர்ந்து சென்னையில் வாழ்ந்த மனோகர் தேவதாஸ், விழித்திரை நோயால் பார்வை சுருங்கிக்கொண்டே வந்த நிலையிலும் நம் நகரத்தின் பழைய கட்டடங்களைப் பேனாவும் மையும் கொண்டு அத்தனை நுணுக்கமாக வரைந்தார். 2020இல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இவர்கள் இருவரும் தனியாக வேலை செய்தவர்கள். அவர்களுக்கு இருந்த பொறுமையும் ஆண்டுகளும் நம்மில் பலருக்குக் கிடையாது. நமக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும்தான். அந்தக் காலையை இருபது பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இந்த அரங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் எழும்பூர் நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். ஹென்றி இர்வின் வடிவமைத்து, பெங்களூரைச் சேர்ந்த சாமிநாத பிள்ளை ஒப்பந்தம் எடுத்துக் கட்டி, 1908 ஜூனில் திறந்தார்கள். செங்கல் சிவப்பு, வெள்ளை வளைவுகள், மேலே குமிழ்கள். வரைய வருகிற எல்லாரும் முதலில் அந்த முகப்பைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த நிலையத்தின் தனித்தன்மை உள்ளே இருந்தது. காரை பிளாட்பாரம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகலாம். மெயிலுக்கு வருகிறவர் பெட்டிக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்வார். இங்கிருந்துதான் போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போனது. அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார். 1964 புயலில் தனுஷ்கோடி அழியும் வரைக்கும், இலங்கைக்குப் போகிற தமிழர்களுக்கு எழும்பூர் ஒரு வாசல். ரயிலுக்கும் காருக்கும் கப்பலுக்கும் இடையே இருந்த அந்தத் தொடர்ச்சியை முகப்பை மட்டும் வரைந்து காட்ட முடியாது.

எழும்பூரில் இப்போது பெரிய அளவில் சீரமைப்பு வேலை நடக்கிறது. தகரத் தடுப்பு, கிரேன், தோண்டிப் போட்ட மண். பலர் அவற்றை விட்டுவிட்டு வரைகிறார்கள். முகப்புக்கு முன்னால் இருக்கும் ஆட்டோ வரிசை, குறுக்கே போகும் கேபிள் கம்பிகள், பேனர், எல்லாவற்றையும் தாளிலிருந்து அகற்றிவிடுகிறார்கள். படம் அழகாக வருகிறது, வாழ்த்து அட்டை மாதிரி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அந்தத் தகரத் தடுப்பு இரண்டு வருடத்தில் போய்விடும். அப்போது, 'சீரமைப்பு நடந்த காலத்தில் பயணிகள் எந்த வழியாக உள்ளே போனார்கள்?' என்று கேட்டால் பதில் சொல்லும் படம் ஒன்றாவது வேண்டும். அதை வரைய உங்களைவிடத் தகுதியானவர் யார்?

இனி எஞ்சினுக்கு வருகிறேன். என் மனது அதிகம் ஒட்டியிருப்பது அங்கேதான்.

ஈ.ஐ.ஆர். 21 என்ற நீராவி எஞ்சின் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855இல் கட்டியது. கிழக்கிந்திய ரயில்வேக்காக வங்காளத்துக்கு வந்தது. 'ஃபேரி குயீன்' என்று புகழ்பெற்ற எஞ்சினுக்கு உடன்பிறப்பு. இரண்டையுமே ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தது நம் பெரம்பூர் லோகோ பணிமனை. எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே சிறப்பு ஓட்டமாக ஈ.ஐ.ஆர். 21ஐ விடும் நாட்களில் பாதையோரம் எல்லாம் கூட்டம் நிற்கும்.

அதை எப்படி வரைவது? புகைபோக்கியில் தொடங்காதீர்கள். முதலில் தண்டவாளத்தைப் போடுங்கள், அதன் மேல் சக்கரங்களை. நடுவில் ஒரு ஜோடி பெரிய சக்கரம், முன்னால் ஒரு ஜோடி சிறியது, பின்னால் ஒரு ஜோடி சிறியது. நீராவி திருப்புவது நடுச் சக்கரத்தை மட்டும்தான். பெரிய சக்கரத்தின் உயரத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் பாய்லரின் நீளம், ஓட்டுநர் நிற்கும் இடம் எல்லாம் தன் இடத்தில் வந்து உட்காரும். சாய்ந்த கோணத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் நீள்வட்டமாகத் தெரியும். அந்த நீள்வட்டத்தின் குறுகிய அச்சு, சக்கரத்தின் இருசு போகும் திசையிலேயே இருக்க வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்தால் வண்டி தரையில் நிற்கும். தவறினால் எவ்வளவு வண்ணம் பூசினாலும் அது மிதக்கும்.

வரைந்துகொண்டே வரும்போது ஒரு கேள்வி எழ வேண்டும். ஏன் ஒரே ஒரு ஜோடிப் பெரிய சக்கரம்? வங்காளச் சமவெளியில் ஏற்றம் இல்லை. அந்தக் காலத்து வண்டிகள் எடை குறைந்தவை. ஒரு ஜோடிச் சக்கரத்தின் பிடிப்பே போதும். சக்கரம் பெரிதாக இருந்தால் ஒரு சுற்றில் அதிக தூரம் போகலாம். சமவெளிதான் அந்தச் சக்கரத்தைச் செய்தது.

இதற்கு நேர் எதிராக மலைக்குப் போவோம். நீலகிரி மலை ரயில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் திறந்தது, 1908இல் உதகை வரை நீண்டது. 46 கிலோமீட்டர் தூரத்துக்குள் 326 மீட்டர் உயரத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. யுனெஸ்கோ 2005இல் அதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் சில இடங்களில் 12 அடி போவதற்குள் ஓர் அடி ஏற வேண்டும். அங்கே இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அவற்றைக் கவ்விப் பிடித்து ஏறும்.

குன்னூர் நிலையத்துக்கு வரையப் போனால் எக்ஸ் வகை எஞ்சினின் பக்கவாட்டில் உட்காருங்கள். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைத்தது. மற்ற எஞ்சின்களில் ஒரு பக்கத்துக்கு ஒரு சிலிண்டர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இங்கே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர் இருப்பது முதலில் குழப்பமாக இருக்கும். கீழே இருப்பது தண்டவாளத்தில் ஓடும் சக்கரங்களுக்கு. அங்கே வேலை செய்து அழுத்தம் குறைந்த நீராவி மேல் சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைத் திருப்புகிறது. ஒரே நீராவியிடம் இரண்டு வேலை வாங்குகிறார்கள். இது தெரிந்துகொண்டு வரைகிறவருடைய கோட்டில் தயக்கம் இருக்காது. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் நம்மால் ஒரு கோடுகூட உறுதியாக இழுக்க முடியாது என்பதுதான் வரைவதில் இருக்கும் பெரிய நன்மை. கேமரா குழாயைப் பிடித்துவிடும், ஆனால் அது எங்கே போகிறது என்று நம்மைக் கேட்க வைக்காது.

இன்னொன்று. இந்த மலையில் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும். ஏறும்போது பின்னால் நின்று தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். ஒவ்வொரு பெட்டியின் முன்புறத்திலும் ஒரு பிரேக்காரர் நின்றுகொண்டே வருவார். கொடி அசைவைப் பார்த்துப் பிரேக்கைக் கையால் திருப்புவார். எஞ்சினை மட்டும் வரைந்தால் இந்த மனிதர் உங்கள் தாளில் இல்லை. அவர் இல்லாமல் அந்த ரயில் ஒரு அடிகூட இறங்காது. ஆகவே குன்னூருக்குப் போகும் கூட்டத்தில் நான்கு பேர் எஞ்சினை எடுத்துக்கொள்ளட்டும், இரண்டு பேர் பிரேக்காரரை, ஒருவர் பல் பட்டையை, ஒருவர் தண்ணீர்த் தூணை, இன்னும் சிலர் பின்னால் எழும் மலையையும் வீடுகளையும். மாலையில் எல்லா நோட்டுகளையும் தரையில் வரிசையாகப் பரப்பி வைக்கிறோம் அல்லவா, அப்போது மலை ரயில் முழுதாகத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் தனியாகப் பார்க்காத ஒன்று.

பரப்பி வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சிலர் கூச்சப்பட்டு நோட்டை மூடி வைத்துக்கொள்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் குறிப்பாக. உங்கள் கோடு கோணலாக இருக்கலாம், ஆனால் நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிந்தது வேறு யாருக்கும் தெரியவில்லை. அது இல்லாமல் வரிசையில் ஓர் இடம் காலியாகிவிடும். தயவுசெய்து வையுங்கள்.

கூட்டமாகப் போவதில் நடைமுறைக் காரணங்களும் உண்டு. தெருவோரம் தனியாக ஸ்டூல் போட்டு உட்காரும் பெண்ணிடம் வந்து நிற்பவர்கள் எல்லாரும் படம் பார்க்க வருகிறவர்கள் அல்ல. பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அந்தத் தெரு அவர்களுக்கும் சொந்தமாகிறது. ரயில் நிலையத்துக்குள் போவதென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குவது நல்லது, ஆளுக்கொரு பிளாட்பாரம் டிக்கெட்டும் வேண்டும். குழுவாகக் கேட்டால் அனுமதி கிடைப்பது எளிது.

எல்லாவற்றையும்விட, கூட்டம் கூட்டத்தை இழுக்கிறது. வில்லிவாக்கம் பக்கம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை வளாகத்தை ஒட்டி இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கு நீங்கள் எல்லாரும் போயிருப்பீர்கள். 2002இல் திறந்தது. பழைய நீராவி எஞ்சின்களும் ஊட்டிப் பெட்டிகளும் மரநிழலில் நிற்கின்றன. அந்த வட்டாரமே ரயில்வேக் குடும்பங்களின் வட்டாரம். ஒருமுறை அங்கே வரைந்துகொண்டிருந்தோம். பேரனைக் கூட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், எங்கள் குழுவில் ஒரு இளைஞனுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். பிறகு, "தம்பி, இந்த ராடு இப்படி நேரா வராதுப்பா. சக்கரம் இந்த எடத்துல நின்னா ராடு கீழ எறங்கியிருக்கும். நல்லா பாரு" என்றார். அவன் எழுந்து போய்ப் பார்த்தான், அவர் சொன்னது சரி. "ஐயா, நீங்க ரயில்வேயா?" என்று கேட்டான். பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன் பிறகு யாரும் வரையவில்லை. அவர் அந்த எஞ்சினை முன்னாலிருந்து பின்னால்வரை கையால் தொட்டுத் தொட்டு விளக்கிக்கொண்டே போனார், நாங்கள் குறிப்பு எடுத்தோம். அருங்காட்சியகப் பலகையில் இல்லாத செய்திகள் அவை. தரையில் உட்கார்ந்து வரைகிறவர்களிடம் பேச யாரும் தயங்குவதில்லை. இப்படிப்பட்ட பெரியவர்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அதனால் கொஞ்சம் அவசரமும் இருக்கிறது. சென்னைத் தெருக்களில் 1895இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1953இல் நின்றுபோனது. அரை நூற்றாண்டுக்கு மேல் நம் ஊருக்குள் ஓடிய ஒரு வண்டியைப் பற்றி நமக்கு இருப்பது சில புகைப்படங்கள், பழைய கதைகளில் ஓரிரு வரிகள். மின்ட் தெருப் பக்கம் டிராம் நிற்கும் இடத்தில் யார் பூ விற்றார்கள், மழை பெய்யும்போது எங்கே ஒதுங்கினார்கள் என்று வரைந்து வைத்த நோட்டு ஒன்று கிடைத்தால் நான் எதையும் கொடுத்து வாங்கிக்கொள்வேன். 1873இல் குதிரை இழுத்துத் தொடங்கி 1902இல் மின்சாரத்துக்கு மாறிய கொல்கத்தா டிராமுக்கும் இப்போது அந்த நிலைதான். ஒரே ஒரு தடத்தைப் பாரம்பரியச் சின்னமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப் போவதாக 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு அறிவித்தது. மைதானத்தில் சுற்றிக் காட்ட ஒரு வண்டி மிஞ்சும், சரி. சந்தைக் கூட்டத்துக்கு நடுவே மணி அடித்துக்கொண்டு வழி கேட்டுப் போகும் டிராம் மிஞ்சாது. கொல்கத்தாவுக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள் நோட்டோடு போங்கள். டிராமை அந்தச் சந்தையோடு வரையுங்கள்.

பழைய வண்டி என்றாலே பளபளப்பான மோட்டார் கார் அணிவகுப்பும் நீராவி எஞ்சினும்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றைப் பேணிக் காப்பவர்கள் இருக்கிறார்கள். கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது, இங்கே ஏ.வி.எம். ஸ்டுடியோவில் இருக்கிறது. போய்ப் பாருங்கள், வரையுங்கள். ஆனால் யாரும் பேணாத வண்டிகள் இருக்கின்றனவே. மனிதரை மனிதர் இழுத்த கை ரிக்‌ஷாவை 1973இல் தமிழக அரசு ஒழித்தது. ஒழிய வேண்டிய கொடுமை அது, அது போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அதை இழுத்தவருடைய உடம்பு எப்படி முன்னால் சாய்ந்தது, வண்டியைத் தரையில் இறக்கிவிட்டு அவர் எங்கே உட்கார்ந்தார் என்பது பதிவாகியிருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பிறகு வந்த சைக்கிள் ரிக்‌ஷாவும் இப்போது எங்கோ ஒன்று இரண்டு. ஜார்ஜ் டவுனில் மூட்டை ஏற்றி இழுக்கும் கைவண்டிகள் இன்னும் ஓடுகின்றன. அந்தச் சந்துகளின் அகலத்துக்கு லாரி நுழையாது, அதனால்தான் கைவண்டி பிழைத்திருக்கிறது. இங்கேயும் தெருதான் வண்டியைத் தீர்மானிக்கிறது.

மீன்பாடி வண்டியும் அப்படித்தான். முன்னால் இரண்டு சக்கரம், அவற்றின் மேல் சரக்குத் தட்டு, பின்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவர். மோட்டார் வைத்ததும் உண்டு, மிதிப்பதும் உண்டு. எந்தத் தொழிற்சாலையிலும் செய்ததல்ல. பட்டறையில், கிடைத்த பாகங்களைக் கொண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி ஒட்டவைத்தது. தட்டின் நீளத்தை, ஏற்றப் போகும் சரக்கைச் சொல்லி ஓட்டுகிறவரே முடிவு செய்கிறார். வடசென்னையின் உழைப்பு முழுவதும் அந்த வண்டியில் ஏறி இறங்கியிருக்கிறது. இதற்கு அருங்காட்சியகம் கிடையாது, வரப்போவதாகவும் தெரியவில்லை.

அதனால் அடுத்த பயணம் காசிமேட்டுக்கு. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குள் மீன்பிடித் துறைமுக வாசலில் கூடிவிடுங்கள். ஏழு மணிக்கு மேல் கூட்டத்தில் ஸ்டூல் போட இடம் இருக்காது. தரை ஈரமாக இருக்கும், பழைய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். வாட்டர்கலரைவிட பேனா வசதி, தெறிக்கிற உப்புத்தண்ணீரில் தாள் காயாது. ஐஸ் பெட்டி ஏற்றும் இடம், ஏலம் போடும் இடம், வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் வாசல் என்று மூன்று குழுவாகப் பிரிந்துகொள்வோம். ஓட்டுகிறவரிடம் முதலில் பேசிவிட்டு வரையத் தொடங்குங்கள். படத்தின் ஓரத்தில் தேதி, நேரம், நீங்கள் பார்த்த திசை, வண்டியை எந்தப் பட்டறையில் எந்த வருடம் செய்தார்கள், அவர் விரும்பினால் அவர் பெயர், இவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.